வேம்பும் புங்கமும்

தமிழகத்தை விட்டு வந்து வடக்கிலும் மேற்கிலும் குடியிருக்கும் நம்மவருள் சிலருக்கு வாயிலிலோ கொல்லையிலோ சிறிது நிலம் வாய்த்துவிடுகிறது. அரசினர் குடியிருப்பில் தரைத்தள வீடாக இருக்கலாம். ஆலை நகரியத்தில் தனி வீடாக இருக்கலாம். ஓய்வு பெறுமுன் கடன் பெற்றுக் கட்டிய சொந்த மனையாகவும் இருக்கலாம். நிலம் வாய்த்தவுடன் நாம் செய்வது என்ன? முதலில் ஒரு துளசி. அடுத்துக் கறிவேப்பிலைக் கன்று ஒன்று. பிறகு பந்தலில் ஒரு முல்லைக்கொடி. இவற்றோடு மனம் நிறைவதில்லை. கோடையில் கட்டில் போட்டு உட்கார ஒரு நிழல் மரம் வேண்டும் என்ற ஆசை எழுகிறது. அதனுடன் ஓர் ஐயமும் எழுகிறது. 'மூன்றாண்டில் மாற்றல் வந்துவிடும். வைத்த மரத்துக்கு அப்புறம் நீர் ஊற்றுவார் யார்?' என்பதே அந்த ஐயம்.

இது வீண் ஐயம் அன்று. குடியிருந்தவர் பெட்டி படுக்கையுடன் இரயில் ஏறிய ஆண்டின் கோடையிலேயே அவர் வைத்த கன்றுகள் கருகி நிற்பதை எல்லாக் குடியிருப்புகளிலும் காணலாம். அடுத்து வருபவர் கல்நெஞ்சர் அல்லர். அவருக்கு அந்தக் கன்றின் வரலாறு தெரியாது, அவ்வளவே. ஆதலின், மாற்றலாகிப் போகும் வாழ்வுடைய நாம் மரம் தேரும்போது, 'எது விரைவில் வளரும்?' என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. 'நம் கை விட்ட பின்னும் எது நிற்கும்?' என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்டால் விடையாக வரக்கூடிய மரங்கள் பல உண்டு. அவற்றுள் நமக்கு இளமை முதல் பழகிய இரண்டை இன்று எடுத்துக்கொள்வோம். ஒன்று வேம்பு, மற்றொன்று புங்கம்.

இரண்டும் வறட்சியைத் தாங்குவன. இரண்டும் என்றும் பசியன. இவ்விரு சொற்களையும் முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 'என்றும் பசிய மரம்' என்றால் இலையே உதிராத மரம் என்று பொருளன்று. எல்லா இலையும் ஒரு நாள் உதிர்வதே. பழைய இலை போவதற்கும் புதிய இலை வருவதற்கும் இடையே மரம் நெடுங்காலம் மொட்டையாக நில்லாது என்பதே அதன் பொருள். தில்லியில் மாசி, பங்குனியில் வேம்பின் இலைகள் பழுத்து மழைபோல் உதிரும். புதிதாக வந்தவர்கள் மரம் பட்டுவிட்டதென்று அஞ்சுவதும் உண்டு. சில வாரங்களில் செம்பு நிறக் கொழுந்து வந்துவிடும். புங்கமும் அதையொட்டிய காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, கண்ணைப் பறிக்கும் இளம்பச்சைத் தளிரால் தன்னை மூடிக்கொள்ளும். வெயில் கொடுமையாகும் மே மாதத்தில் இரண்டும் முழு நிழலுடன் நிற்கும். நமக்கு வேண்டியது அதுவே அன்றோ? 1931-இல் திறந்துவைக்கப்பட்ட புதுதில்லியின் சாலைகளுக்கு நாவலையும் வேம்பையும் மருதையும் புளியையும் தேர்ந்தார்கள். கொன்றையும் மயிற்கொன்றையும் கண்ணுக்கு இனியவைதாம். எனினும் வழிநடப்பவனுக்கு ஆண்டு முழுதும் தேவைப்படுவது பூவினும் நிழலே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

இனி, 'வறட்சியைத் தாங்கும்' என்பது. இங்கேதான் பலர் இடறுகின்றனர். வேம்பு வறட்சியைத் தாங்கும் என்பதைக் கேட்டு, நட்ட மறுவாரமே நீரை நிறுத்திவிடுகின்றனர். வறட்சியைத் தாங்குவது வேம்பின் வேர்; கன்றின் இலை அன்று. நாற்றுப்பண்ணையின் பையிலிருந்து எடுத்த கன்றின் வேர் ஒரு சாண் மண்ணுக்குள் அடங்கிக் கிடப்பது. அது கீழே ஆறடி, எட்டடி இறங்கி ஈரத்தைத் தொடும் வரையில் வேம்பும் ஒன்றுதான், வெண்டைச் செடியும் ஒன்றுதான். அந்த ஆழத்துக்கு வேரை இறக்கிவிடுவதே நம் பணி. அதற்கு இரண்டு கோடை, பெரும்பாலும் மூன்று கோடை வேண்டும். நம்முடைய மாற்றல் கணக்கும் ஏறக்குறைய அதுவே என்பதைக் கவனிக்க.

மரங்களின் இயல்பைச் சிறிது பார்ப்போம். வேம்பு ஓங்கி வளர்வது; நாற்பது, ஐம்பது அடி எளிதில் செல்லும்; கிளை பரப்பி வட்டமாகக் கவியும். அதன் நிழல் சலித்த நிழல். வெயில் பொட்டுப் பொட்டாக உள்ளே விழும். கீழே காற்று ஓடும். புங்கம் அவ்வளவு உயராது. முப்பதடி அளவில் குடைபோல் பரவும். அதன் நிழலோ அடர்ந்த நிழல். ஊர்ப்புறத்தில் களைத்து வருபவர் புங்க நிழலையே நாடுவர் என்பதை நம்மில் பலர் அறிவோம். சங்கப் புலவர்கள் இம்மரத்தைப் புன்கு என்றனர்; மணலில் உதிர்ந்து கிடக்கும் அதன் பூவைப் பொரிக்கு ஒப்பிட்டனர். அன்று ஆற்றங்கரை மரமாக அவர்கள் கண்டது வெறும் அழகுக் காட்சி மட்டும் அன்று. அதன் பிறப்பிடமே ஆற்றங்கரையும் கழிமுகமும்தான். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்தால், எங்கே எதை நடுவது என்பதில் பாதி முடிந்துவிடும்.

வேம்பு வறண்ட மேட்டுநிலத்தின் பிள்ளை. மணலும் கல்லும் கலந்த நிலத்தில், சுக்கான் கல் நிறைந்த நிலத்தில், சத்தற்ற நிலத்தில் அது வளரும். அதற்கு ஆகாதது ஒன்றே ஒன்று. அது தேங்கிய நீர். மழைக்காலத்தில் பத்து நாள் அடியில் நீர் நின்றால் இளவேம்பு மஞ்சளித்துச் சாயும். புங்கமோ வெள்ளத்தில் சில நாள் நிற்கும், களிமண்ணில் வேர் ஓடும், உவர்நீரையும் பொறுத்துக்கொள்ளும். மேலும் அது அவரை இனத்தைச் சேர்ந்தது. வேரிலுள்ள முடிச்சுகளின் வழியே காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணுக்குச் சேர்ப்பது. நம் ஊரில் புங்கந்தழையை வெட்டி நெல்வயலில் மிதிப்பது எதனால் என்பது இப்போது விளங்கும். ஆனால் நெடிய வறட்சியில் வேம்பு தாங்கும் அளவுக்குப் புங்கம் தாங்காது. ஆழத்திலாவது சிறிது ஈரம் இருக்கவேண்டும்.

ஆகவே சோதபுரி, பிகானேர் போன்ற இராசத்தானத்து மேற்குப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு நாம் தயக்கமின்றி வேம்பையே சொல்வோம். சயப்பூரிலும் தில்லியின் மேட்டுப்பாங்கான பகுதிகளிலும் அதுவே. யமுனையை ஒட்டிய தாழ்நிலக் குடியிருப்புகளில், மழைக்காலத்தில் முற்றம் குளமாகும் இடங்களில், புங்கம் வைக்கலாம். கிணற்று நீர் உப்பாக இருக்கும் அரியானாப் பகுதிகளிலும், குசராத்தின் கடற்கரை ஊர்களிலும், மும்பையிலும் புங்கமே முந்தும். கொல்கத்தாவின் ஈரமான களிமண்ணுக்கும் அப்படியே. பெங்களூரில் இருப்பவர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. அவ்வூர்ச் சாலைகளில் ஏப்ரல் மாதத்தில் புங்கந்தளிர் மின்னுவதை அவர்களே பார்த்திருப்பர்.

மரக்கன்று வாங்கச் செல்பவர்களுக்குப் பெயர் தெரியவேண்டும். வேம்பை இந்தியில் நீம் என்பதை யாவரும் அறிவர். மராத்தியர் கடுநிம்ப் என்பர், குசராத்தியர் லீம்டோ என்பர், கன்னடத்தில் பேவு, தெலுங்கில் வேப. புங்கத்துக்கு இந்தி, மராத்தி, குசராத்தி ஆகிய மூன்றிலும் கரஞ்சு என்ற பெயரே வழங்குகிறது. வங்காளத்திலும் ஏறத்தாழ அதுவே. கன்னடத்தில் ஹொங்கே, தெலுங்கில் கானுக.

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, முகமும் தெரியவேண்டும். வட மாநிலங்களில் பகாயன் என்றொரு மரம் உண்டு. வேம்பின் உறவுதான், முதற்பார்வைக்கு வேம்பே போலிருக்கும், வேம்பைவிட விரைந்து வளரும். வேம்பு கேட்டவருக்கு இதை எடுத்துக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. பண்ணைக்காரரும் சில வேளை அறியாமலே கொடுக்கிறார். இது குளிர்காலத்தில் முழுவதும் இலை உதிர்த்து, மஞ்சள் நிறக் காய்க்கொத்துகளுடன் மாதக்கணக்கில் எலும்புக்கூடு போல் நிற்கும். அக்காய்கள் நச்சுத்தன்மை உடையவை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றவை அல்ல. எப்படி வேறுபாடு காண்பது? வேப்பிலையில் ஒரே ஈர்க்கு. அதன் இரு பக்கமும் அரிவாள் போல் வளைந்த, ஓரம் பல்லுப்பல்லான சிற்றிலைகள் நேராக ஒட்டியிருக்கும். பகாயனில் அந்த ஈர்க்கே கிளைக்கும். கிளை ஈர்க்குகளில்தான் சிற்றிலைகள் இருக்கும். பூத்த மரமாயின் ஐயமே இல்லை. வேப்பம்பூ வெண்மை, பகாயன் பூ இளம் ஊதா. புங்கத்துக்கு இத்தகைய போலி இல்லை. ஐந்து அல்லது ஏழு அகன்ற இலைகள், எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பு. ஒருமுறை கண்டவர் மறவார்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்கலாகாது. ஆறடிக் கன்று வாங்கினால் ஆறடி இலாபம் என்று எண்ணுகிறோம். ஓராண்டுக் கன்று, இரண்டு மூன்றடி உயரம், தண்டு பென்சில் அளவுக்குக் குறையாத பருமன், இதுவே போதும். நெடுநாள் பையிலேயே கிடந்த கன்றின் ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுகொண்டிருக்கும். அச்சுருள் மண்ணுக்குள் சென்ற பின்னும் நேராவதில்லை. மேலே மரம் தழைப்பது போலிருக்கும். அடியில் வேர் கீழிறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நீர் ஊற்றுகிற கை உள்ளவரை அம்மரம் வாழும். கை போனால் அதுவும் போம். ஆதலின் பையைக் கிழித்தவுடன் அடிப்பாகத்தைப் பார்த்து, சுருண்ட வேர் நுனியைக் கூரிய கத்தியால் நறுக்கிவிட்டு நடவேண்டும்.

எப்போது நடுவது? இதில் நம் ஊர்ப் பழக்கம் நம்மை ஏமாற்றிவிடும். சென்னைப் பக்கத்தில் மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. எனவே புரட்டாசியில் குழி வெட்டி ஐப்பசியில் நடுவது நமக்கு இரத்தத்தில் ஊறிய வழக்கம். தில்லியில் ஆண்டு மழையே ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். அதில் முக்காற்பங்குக்கு மேல் ஜூன் இறுதிக்கும் செப்டம்பர் இறுதிக்கும் இடையே பெய்து தீர்ந்துவிடும். ஐப்பசியில் நட்ட கன்று இங்கே மழையைக் காணாது. வேர் பிடிக்குமுன் குளிர் வரும். குளிர் போனதும் அனல்காற்று வரும். ஆகவே வடநாட்டில் ஆனி பிற்பகுதியிலும் ஆடியிலும், முதல் நல்ல மழை மண்ணை நனைத்த பின் நடவேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொல் நம் ஊரினும் இவ்வூருக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது! மும்பை, புனாவில் மழை சில வாரம் முந்தும், நடவும் முந்தலாம். பெங்களூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை எப்போது நட்டாலும் குற்றமில்லை.

குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் இருக்கட்டும். மழைக்கு ஒரு மாதம் முன்பே வெட்டி வெயிலில் காயவிடுக. அடியில் சுக்கான் கல் தட்டுப்பட்டால் கடப்பாரையால் அதை உடைத்தே தீரவேண்டும். இல்லையேல் வேருக்கு அதுவே தரையாகிவிடும். எடுத்த மண்ணோடு நன்கு மக்கிய சாணவெரு மூன்றில் ஒரு பங்கு கலந்து நிரப்பலாம். அதற்கு மேல் உரம் வேண்டா. குழிக்குள்ளேயே விருந்து கிடைத்தால் வேர் வெளியே போகவேண்டிய தேவை என்ன? கரையான் மிகுந்த நிலமாயின் இரண்டு பிடி வேப்பம்பிண்ணாக்குச் சேர்க்கலாம். பையில் எந்த அளவு வரை மண் இருந்ததோ அந்த அளவு வரையே புதைக்க வேண்டும். தண்டைச் சுற்றி மண்ணைக் குவிக்கலாகாது.

நீர் ஊற்றும் முறையே இந்தப் பேச்சின் உயிர்ப்பகுதி. நாள்தோறும் காலையில் ஒரு செம்பு நீர் ஊற்றுவது அன்பின் அடையாளம். ஆனால் அது மரத்துக்குச் செய்யும் நன்மை அன்று. மேல்மண் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே பரவும். அன்பைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் கொடுக்கவேண்டும். மழை ஓய்ந்த பின் முதல் ஆண்டில் வாரம் ஒருமுறை இரண்டு வாளி. குளிர்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. முதற்கோடையில் வாரம் இருமுறை. இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை, ஆனால் நான்கு வாளி. மூன்றாம் கோடையில் மாதம் ஒருமுறை, பாத்தி நிறைய. மணற்பாங்கான நிலமாயின் இடைவெளியைச் சற்றுக் குறைக்கலாம்; களிமண்ணாயின் கூட்டலாம். இடையே நடுப்பகலில் இலை சிறிது தொங்கினால் பதறவேண்டா. மாலையில் நிமிர்ந்தால் மரம் நலமாகவே இருக்கிறது. காலையிலும் தொங்கியே இருந்தால் அன்றே நீர் விடுக. பாத்தியையும் ஆண்டுதோறும் ஓர் அடி வெளியே தள்ளி அகலமாக்க வேண்டும். வேரின் வாய் நுனியில்தான் இருக்கிறது. அடிமரத்தில் நீர் ஊற்றுவது மனிதனின் முதுகில் சோறு வைப்பது போன்றது.

தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊர்களுக்குப் பழைய முறை ஒன்று உண்டு. பூச்சு இல்லாத மண்பானை ஒன்றைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, ஓட்டால் மூடிவிடவேண்டும். பானையின் சுவரில் கசியும் நீரைத் தேடி வேர் வரும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பானையை நிரப்பினால் போதும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வழக்கமுடைய நம்மவர்க்கு இது மிகவும் உதவும். எப்படியாயினும், பாத்தியின்மேல் நான்கு விரற்கடை சருகு பரப்பி வைப்பதை மறவாதிருக்க வேண்டும். அந்தச் சருகு வேம்பினுடையதாகவோ புங்கத்தினுடையதாகவோ இருந்தால் மிகவும் நன்று. குடியிருப்புகளில் பெருக்கிய சருகைக் கொளுத்தும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை; அது தடை செய்யப்பட்டது என்பதை ஒரு பக்கம் வைப்போம்; காசு கொடுத்து உரம் வாங்குபவர் கையிலுள்ள உரத்தை எரிப்பது எவ்வகை அறிவு?

குளிரைப் பற்றியும் ஒரு சொல். தில்லி, பஞ்சாபு, வட இராசத்தானப் பகுதிகளில் சனவரி இரவுகளில் சில வேளை உறைபனி விழும். வளர்ந்த வேம்பும் புங்கமும் அதைப் பொறுத்துக்கொள்ளும். முதல் இரண்டு ஆண்டுக் கன்றுகள் பொறா. இளவேம்பு சிறப்பாக நலியும். வைக்கோலாலோ நாணற்புல்லாலோ மூன்று பக்கம் மறைத்து, தென்கிழக்குப் பக்கத்தை வெயில் வரத் திறந்துவிட வேண்டும். பனி விழும் என்று தோன்றும் மாலையில் சிறிது நீர் பாய்ச்சுவதும் நன்று. நுனி கருகிவிட்டால் உடனே வெட்டவேண்டா. பங்குனியில் எங்கே துளிர்க்கிறது என்று பார்த்து, அதற்கு மேலுள்ளதை மட்டும் நறுக்குக.

இடைவெளி குறித்துக் கண்டிப்பாக இருக்கவேண்டும். வேம்பைச் சுவரிலிருந்து இருபதடிக்குக் குறையாமலும் புங்கத்தைப் பன்னிரண்டு, பதினைந்து அடிக்குக் குறையாமலும் தள்ளி நடவேண்டும். அவ்வளவு இடமில்லாதவர் வேம்பை விட்டுவிடுவதே முறை. சாக்கடைக் குழாயின்மேலும் மின்கம்பியின் கீழும் இரண்டும் வேண்டா. புங்கத்தின் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்புவதும் உண்டு. அவற்றை அவ்வப்போது களைய வேண்டும். 'பிறகு வேண்டாமென்றால் வெட்டிவிடலாம்' என்று எண்ணுவோர் சட்டத்தையும் நினைக்கவேண்டும். மகாராட்டிரத்தில் 1975-லும், கர்நாடகத்தில் 1976-லும், தில்லியில் 1994-லும் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. நம் வீட்டு மரமேயாயினும் அதிகாரியின் அனுமதியின்றி வெட்டுதல் குற்றமாகும். தில்லியில் மரத்தின் அடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டுத் தளம் இருத்தலாகாது என்று 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. முற்றத்துக்குத் தளம் போடும் கொத்தரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அரசினர் குடியிருப்பாயின், நடுமுன்பே தோட்டக்கலைப் பிரிவாரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டால், நாம் போன பிறகு அவர்கள் பதிவேட்டில் அம்மரத்துக்கு ஓர் இடம் இருக்கும்.

நோய் நொடிகளில் இரண்டுக்கும் பெரிய குறை இல்லை. புங்க இலையில் சிறு சிறு கொப்புளங்கள் எழும்பி இலை அலங்கோலமாகத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் இனம் ஒன்று செய்யும் வேலை அது. இலையின் அழகு கெடுமேயன்றி மரம் கெடாது. மருந்து தெளிப்பது வீண். வேம்பில் மழைக்காலத்துக்குப் பின் கிளை நுனிகள் பழுப்பாகிக் காய்வதைக் காணலாம். 2021-இல் தெலங்கானாவில் இது பெரும் அளவில் பரவி, 'வேம்பெல்லாம் அழிகின்றதே' என்று மக்கள் கலங்கினர். கொசு போன்ற சாறு உறிஞ்சும் பூச்சி ஒன்றும் பூஞ்சை ஒன்றும் சேர்ந்து செய்வது அது. பெரும்பாலான மரங்கள் அடுத்துத் தளிர்த்துவிட்டன. காய்ந்த நுனிகளை நல்ல பகுதி சிறிது சேர்த்து வெட்டி அகற்றி, மரத்துக்கு நீர் கொடுத்தால் போதும். நுனி காய்ந்தது கண்டு மரத்தையே சாய்த்துவிடலாகாது.

வாயிலைப் பெருக்குபவரின் கருத்தையும் கேட்கவேண்டும் அல்லவா? வேம்பு பங்குனியில் சருகையும், சித்திரை வைகாசியில் பூவையும், ஆனி ஆடியில் பழத்தையும் கொட்டும். பழம் மிதிபட்டால் வழுக்கும், ஈ மொய்க்கும். புங்கம் பூவைக் கொட்டும். பிறகு நெற்றைக் கொட்டும். நெற்று காய்ந்து கிடப்பதால் அருவருப்பு இல்லை. ஆனால் புங்கம்பூவில் தேனீக்கள் நிறைய வரும். வாயிற்படியை ஒட்டி நடலாகாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேப்பம்பூவைப் பற்றி நம் வீட்டுப் பெண்மக்கள் ஒன்று கேட்பர். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு இம்மரத்தின் பூ கிடைக்குமா? தில்லியில் அந்நாளுக்குள் பூத்துவிடும் என்று உறுதியாக நம்ப இயலாது. வட மாநிலத்து வேம்பு நம் ஊர் வேம்பைவிடச் சற்றுப் பிந்தியே பூக்கிறது. இவ்வாண்டுப் பூவை நிழலில் உலர்த்தி வைத்து அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். வேப்பெண்ணெயைப் பற்றியும் எச்சரிக்கை உண்டு. கைக்குழந்தைகளுக்கு அதைப் புகட்டும் வழக்கம் சில குடும்பங்களில் இருந்தது. அதனால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டுக் குழந்தைகள் இறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். செடிகளுக்குத் தெளிக்க அது நல்ல மருந்து. குழந்தைக்குத் துளியும் ஆகாது. புங்கெண்ணெயும் விளக்குக்கும் புறப்பூச்சுக்குமே உரியது.

விதையிலிருந்தே வளர்க்க விரும்புபவர்களுக்கு இரண்டு மரமும் இடம் கொடுக்கும்; ஆனால் பொறுமை வெவ்வேறு. வேப்பங்கொட்டையின் உயிர் மிகக் குறுகியது. ஆடியில் உதிர்ந்த பழத்தின் சதையை அலசி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். ஊருக்குப் போனபோது பாட்டி வீட்டு வேம்பின் கொட்டையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து தீபாவளிக்குப் பின் விதைத்தால் ஒன்றும் முளைக்காது. புங்கங்கொட்டையோ பல மாதம் பொறுத்திருக்கும். நெற்றைத் தட்டி உடைத்தால் பெரும்பாலும் ஒரே கொட்டை. அதைப் பையில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றி வைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் தடித்த முளை வரும். ஊரிலிருந்து ஏதேனும் ஒன்றைக் கொண்டுவந்து வளர்த்தோம் என்ற நிறைவு வேண்டுபவர் புங்கத்தை நாடுக.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மரம் மூன்றாம் கோடையைக் கடந்திருந்தால் கவலை இல்லை. கடக்காதிருந்தால், புறப்படுமுன் பாத்தியை நன்றாக அகலமாக்கி, சருகைக் கனமாகப் பரப்பி, ஆடு மாடு அணுகாதபடி முள்வேலியைப் புதுப்பித்துவிட வேண்டும். ஊன்றுகோலை அவிழ்த்துவிடுவது நல்லது. கட்டிய கயிறு தண்டு பருத்ததும் பட்டையை அறுத்துவிடும். அடுத்து வருபவர் எந்த மொழிக்காரராயினும், சாவியை ஒப்படைக்கும் நேரத்தில் அவரை மரத்தடிக்கு அழைத்துச் சென்று, அதன் பெயரையும், நட்ட ஆண்டையும், 'கோடையில் மாதம் ஒருமுறை, பாத்தி நிறைய' என்ற கணக்கையும் சொல்லிவிடுவோம். அவர் பஞ்சாபியராயின் நீம் என்றவுடன் புரிந்துகொள்வார். புங்கமாயின் கரஞ்சு என்று சொல்லி, ஓர் இலையைக் கிள்ளிக் கையில் கொடுத்துவிட்டு வரலாம்.